மாதம் 10 லட்சம் பெட்டிக்கு ஆர்டர், கையெழுத்துப் போடாத சித்தப்பா

கேள்வி: சிவகாசியில் எங்கள் குடும்பம் 27 வருடங்களாக ஸ்வீட் பாக்ஸ், பேக்கரி பெட்டி செய்து வருகிறது. ஆரம்பித்தவர் அப்பா. அவருக்கு இப்போது 66 வயது. மெஷின் ஹால் முழுவதும் சித்தப்பாவின் பொறுப்பு. அவருக்கு 58. ஆறு வருடமாக ஆர்டரையும் கணக்கையும் நான் பார்க்கிறேன். கல்யாணமாகி இதே ஊரில்தான் இருக்கிறேன். தம்பி பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறான். 2019-ல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்த பிறகு ஆர்டர் கூடி, இப்போது மாதம் சுமார் 30 லட்சத்துக்கு விற்பனை. கடைக்காரர்கள் ஒரு மாதத்தில் பணம் தந்துவிடுவார்கள். இப்போது சென்னையில் உள்ள பெரிய நொறுக்குத்தீனி நிறுவனம் ஒன்று மாதம் 10 லட்சம் பெட்டி கேட்கிறது. பெட்டிக்கு 2.50 ரூபாய், 90 நாள் கடன். இதற்கு அட்டையைப் பெட்டி வடிவத்தில் வெட்டும் ஆட்டோமேட்டிக் பஞ்சிங் மெஷின் 82 லட்சம், அதை ஒட்டும் பேஸ்டிங் மெஷின் 38 லட்சம் என்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம். வங்கியில் வீட்டை அடமானம் கேட்கிறார்கள். அது தாத்தா வீடு, அப்பா பெயரிலும் சித்தப்பா பெயரிலும் இருக்கிறது. சித்தப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். "கடன் வாங்கி வளர்றதுக்கு இப்படியே இருக்கலாம்" என்பதுதான் அவர் பேச்சு. தொழில் அப்பா பெயரில் தனியுரிமையாக நடக்கிறது. சித்தப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்கு விவரங்களை இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். இந்த ஆர்டரை அவர்கள் கொடுத்த வடிவத்திலேயே எடுத்துக்கொண்டால் ஐந்து வருடத்துக்கு உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. சித்தப்பா மறுப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்காக ஆர்டரையே விட்டுவிடச் சொல்லவில்லை. வேறு மாதிரி எடுக்கலாம்.

முதலில் சித்தப்பா. அவர் கடனுக்குப் பயப்படுகிறார் என்று நினைக்கிறீர்கள். காகிதத்தில் இருப்பதைப் பாருங்கள். தொழில் அப்பா பெயரில். மெஷின், ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு எல்லாம் அப்பா பெயரில். 27 வருடம் ஹாலில் நின்ற சித்தப்பாவுக்கு அந்தத் தொழிலில் எழுத்தில் ஒரு பைசா பங்கு கிடையாது. அவர் பெயரில் இருக்கும் ஒரே சொத்து அந்த வீட்டில் பாதி. அதைத்தான் வங்கி கேட்கிறது. நஷ்டம் வந்தால் பாதி வீடு போகும், லாபம் வந்தால் அண்ணன் பார்த்துக் கொடுப்பது. இந்த ஏற்பாட்டுக்கு நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட யோசிப்பேன். அவர் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். அண்ணனிடம் பங்கு கேட்டான் என்ற பேச்சு வந்துவிடும் என்ற தயக்கம் நம் குடும்பங்களில் எவ்வளவு ஆழமானது என்று உங்களுக்குத் தெரியாததில்லை. அதனால் "எப்படிச் சம்மதிக்க வைப்பது" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவருக்கு உரியதை எழுதிக் கொடுப்பதுதான் முதல் வேலை.

கடனுக்கு முன்னால் தொழிலைப் பங்குதாரர் நிறுவனமாக மாற்றுங்கள். அப்பா, சித்தப்பா, நீங்கள் மூவரும் பங்குதாரர்கள். மூன்று பேர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இருவர் மட்டும் இருந்து ஒருவர் மறைந்துவிட்டால் நிறுவனமே கலைந்துவிடும். மூவர் இருந்து, ஒருவர் மறைந்தாலும் மற்றவர்கள் தொடரலாம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் தொழில் நிற்காது. அந்த வரி இல்லாவிட்டால் 1932-ம் வருடச் சட்டப்படி பங்குதாரரின் மரணமே நிறுவனத்தைக் கலைத்துவிடும். பத்திரத்தை எழுதிப் பெட்டியில் வைக்காமல் பதிவும் செய்யுங்கள். பதிவில்லாத பங்குதாரர் நிறுவனம் பாக்கிக்காக வாடிக்கையாளர் மீது வழக்குப் போட முடியாது. பெரிய நிறுவனத்துக்குக் கடனில் சரக்குக் கொடுக்கப் போகிற உங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

உங்கள் பங்கைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆறு வருடம் ஆர்டர் பிடித்து, வசூல் செய்து, கணக்கு எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் உங்களுக்குச் சம்பளம் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. பத்திரத்தில் உங்கள் பங்கையும் மாதச் சம்பளத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதற்கு என்று சொந்தத்தில் யாராவது கேட்பார்கள். தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை கொடுத்த திருத்தம் 1989-லேயே வந்துவிட்டது, நாடு முழுவதற்கும் வந்தது 2005-ல்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் அந்தச் சட்டம் வரை போகவே வேண்டாம். நீங்கள் கேட்பது உழைப்புக்கான பங்கு.

தம்பியை விட்டுவிட்டு இதைச் செய்யாதீர்கள். அப்பா உயில் எழுதாமல் போனால் அவருடைய சொத்தும், தொழிலில் அவருக்குள்ள பங்கும் அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சமமாகப் போகும். பாட்டி இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பெங்களூரில் இருக்கும் தம்பி திடீரென்று ஒரு நாள் தொழிலில் பங்காளி ஆவது அவருக்கும் நல்லதில்லை, ஹாலில் நிற்பவர்களுக்கும் நல்லதில்லை. இப்போதே அவரை உட்கார வைத்துப் பேசி, அப்பாவை உயில் எழுதச் சொல்லுங்கள். தொழில் உங்களுக்கு, வேறு சொத்தில் அவருக்குக் கூடுதல் என்று எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். அது அப்பாவின் விருப்பம். எழுத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

சரி, இப்போது ஆர்டருக்கு வருவோம்.

மாதம் 25 லட்சம் விற்பனை. அட்டை, மை, பிளேட், கூலி, வண்டி எல்லாம் சேர்த்து 22 லட்சம் செலவு, அதில் அட்டை மட்டும் 15 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பிய விகிதத்தை ஒட்டித்தான் இது. மிச்சம் மாதம் 3 லட்சம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

சரக்கு உங்கள் ஹாலில் அரை மாதம் இருக்கும், பிறகு 90 நாள் கழித்துத்தான் பணம். ஆக மூன்றரை மாதச் செலவு, அதாவது 77 லட்சம், வெளியே நிற்கும். அட்டை வியாபாரி ஒரு மாதக் கடன் தந்தால் 15 லட்சம் கழியும். மீதி 62 லட்சம். இதன் மேல் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் அட்டைப்பெட்டிக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் அட்டைக்கு 18 சதவீதமாக ஏறியது. மாதம் 15 லட்சத்துக்கு அட்டை வாங்கினால் 2.70 லட்சம் வரி கட்டுகிறீர்கள், விற்கும்போது வசூலிப்பது 1.25 லட்சம். மாதம் 1.45 லட்சம் அரசிடம் நிற்கும். ரீஃபண்ட் கேட்டு வாங்கலாம், வாங்கித்தான் ஆகவேண்டும், ஆனால் கைக்கு வர மாதங்கள் ஆகும். அப்போது 4, 5 லட்சம் எப்போதும் உள்ளேயே கிடக்கும். மொத்தம் 65 லட்சத்துக்கு மேல். உங்கள் குடும்பத்தின் இரண்டு மாத மொத்த விற்பனையைவிட அதிகமான பணம் ஒரே நிறுவனத்தின் பாக்கியை நம்பி நிற்கும்.

இதற்கு 10 சதவீத வட்டி என்றாலும் மாதம் 54 ஆயிரம். மெஷின் கடன் 1.20 கோடியை ஐந்து வருடத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 2.55 லட்சம். 3 லட்சத்திலிருந்து இரண்டையும் கழித்துப் பாருங்கள். கையில் இருப்பது போகிறது.

இன்னொரு விஷயம், மெஷின் விற்பவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். 1.20 கோடி மெஷினுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 21.60 லட்சம். "அது இன்புட் கிரெடிட்தான் (வாங்கும்போது கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்வது), திரும்ப வந்துவிடும்" என்பார்கள். அட்டைக்குக் கட்டிய வரி ரீஃபண்டாக வரும், மெஷினுக்குக் கட்டிய வரி அப்படி வராது. வாங்கும் வரி அதிகம், விற்கும் வரி குறைவு என்ற நிலையில் கொடுக்கப்படும் ரீஃபண்ட் கணக்கில் மெஷின் போன்ற மூலதனப் பொருட்களின் வரி சேராது. விற்பனை வரியில் கழித்துக்கொள்ளத்தான் முடியும். உங்களுக்கோ கழிக்கவே இடமில்லை, ஏற்கெனவே அட்டையின் கிரெடிட்டே மிஞ்சி நிற்கிறது. அந்த 21.60 லட்சம் வருடக்கணக்கில் கணினித் திரையில் ஒரு எண்ணாக இருக்கும். இதற்கு ஒரு வழி, கிரெடிட் எடுக்காமல் அந்த வரியையும் மெஷின் விலையோடு சேர்த்துத் தேய்மானம் காட்டுவது. இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும். பில் பதிவதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் இதைக் கேளுங்கள், பதிந்த பிறகு கேட்காதீர்கள்.

ஆகவே என் யோசனை: பேஸ்டிங் மெஷினை மட்டும் வாங்குங்கள். மாதம் 10 லட்சம் பெட்டியைக் கையால் ஒட்டி மாளாது, அது கட்டாயம் வேண்டும். பஞ்சிங்கை வெளியே கொடுங்கள். நீங்கள் இருப்பது சிவகாசியில். பஞ்சிங், லேமினேஷன், பிரிண்டிங் எல்லாம் ஜாப் ஒர்க்காகக் கிடைப்பதில் தமிழ்நாட்டில் வேறு எந்த ஊரும் கிட்டே வராது. அந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு 82 லட்சம் முடக்குவானேன்? பஞ்சிங் வெளியே போவதால் மாதம் ஒரு லட்சம் கூடும் என்று வையுங்கள். 38 லட்சத்துக்குத் தவணை 81 ஆயிரம். பணம் வரும் நாளை 90-லிருந்து 45 ஆகக் குறைத்தால் வெளியே நிற்பது 34 லட்சம் அளவுக்கு இறங்கும், வட்டி 28 ஆயிரம். எல்லாம் போக மாதம் 90 ஆயிரம் மிஞ்சும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கும். ஜாப் ஒர்க் பில் மாதம் இரண்டு லட்சத்தைத் தொடும்போது பஞ்சிங் மெஷினைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை சித்தப்பாவுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஆடிப்பெருக்கு கழிந்துவிட்டால் ஊர் முழுக்கக் காலண்டர் வேலை. அதோடு தீபாவளி ஸ்வீட் பாக்ஸ், பட்டாசுப் பெட்டி எல்லாம் சேர்ந்துவிடும். அந்த மாதங்களில் பஞ்சிங் மெஷின் காலியாகக் கிடைக்காது, கிடைத்தாலும் கூலி ஏறும். அதனால் தை முதல் ஆனி வரை முன்கூட்டியே அடித்து வைக்கும்படி அந்த நிறுவனத்திடம் ஷெட்யூல் கேளுங்கள். முன்கூட்டி அடித்ததை எடுத்துக்கொள்ளும் பொறுப்பு அவர்களுடையது என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இருக்கவேண்டும். டிசைன் மாறினால், எம்ஆர்பி மாறினால் அச்சடித்த பெட்டி எடைக்குப் போடத்தான் ஆகும். 2025 செப்டம்பரில் நொறுக்குத்தீனிக்கு வரி 12-லிருந்து 5 ஆனபோது பழைய விலை அச்சிட்ட பெட்டிகளை வைத்துக்கொண்டு எத்தனை பேர் தவித்தார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அட்டை விலை இத்தனை சதவீதத்துக்கு மேல் மாறினால் பெட்டி விலையும் மாறும் என்ற வரியும் வேண்டும். 2.50 ரூபாயை ஒரு வருடத்துக்கு இறுக்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

45 நாள் எப்படிக் கிடைக்கும் என்று கேட்பீர்கள். அது அவர்கள் தயவில் வருவது இல்லை. உதயம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 90 நாள் என்று அவர்கள் எழுதிக்கொண்டால் அது செல்லாது. ஆனால் நடப்பில் வாடிக்கையாளர் மீது வட்டி கேட்டு யார் போவார்கள்? அதைவிட உதவுவது, 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள வருமான வரி விதி. கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31 அன்று நின்றால், அந்தச் செலவை அந்த வருடம் அவர்கள் கழித்துக் காட்ட முடியாது. அதற்கும் சேர்த்து வரி கட்டவேண்டும். இது அவர்களுடைய பர்ச்சேஸ் மேனேஜருக்குத் தெரியாமல் இருக்கலாம், அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு நன்றாகத் தெரியும். பேச்சை அங்கே கொண்டுபோங்கள். உதயம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள்.

இங்கேதான் பங்குதாரர் பத்திரம் முன்னால் வரவேண்டும் என்று சொன்னதற்கு இன்னொரு காரணம். நிறுவனம் மாறினால் புதிய பான், புதிய ஜிஎஸ்டி, புதிய உதயம் பதிவு. சரக்கு அனுப்பும் தேதிக்கு முன்பே உதயம் பதிவு இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் மாற்றினால் அவர்கள் கணக்கில் உங்களுக்குள்ள வெண்டர் கோடு மாறி, இரண்டு மாதப் பணம் இழுத்துக்கொண்டு நிற்கும். பழைய ஜிஎஸ்டி எண்ணில் மிச்சமிருக்கும் கிரெடிட்டைப் புதியதற்கு மாற்ற தனிப் படிவம் இருக்கிறது, ஆடிட்டர் செய்து தருவார்.

அந்த நிறுவனத்தின் விற்பனை வருடம் 250 கோடிக்கு மேல் என்றால் அவர்கள், சிறு தொழில்களின் பில்லை வங்கிகள் வாங்கிக்கொண்டு முன்கூட்டியே பணம் தரும் ஆன்லைன் தளமான ட்ரெட்ஸில் பதிந்திருக்கவேண்டும். உங்கள் பில்லை அவர்கள் அங்கே ஒப்புக்கொண்டுவிட்டால் வங்கிகள் போட்டி போட்டு அதை வாங்கும், சில நாளில் உங்களுக்குப் பணம். வட்டி அந்தப் பெரிய நிறுவனத்தின் தரத்தை வைத்து இருப்பதால் நீங்கள் தனியாக ஓவர்டிராஃப்ட் வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கும். அவர்கள் கட்டத் தவறினாலும் வங்கி உங்களிடம் வராது. அந்த வட்டியை யார் தாங்குவது என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வீட்டு அடமானம் இல்லாமல் 38 லட்சம் கிடைக்குமா? கிடைக்கும், கேட்கவேண்டும். குறு, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியான சிஜிடிஎம்எஸ்இ திட்டத்தில் 2025 ஏப்ரல் முதல் 10 கோடி வரை பிணையில்லாக் கடனுக்கு உத்தரவாதம் உண்டு. வருடக் கட்டணம் ஒன்று கட்டவேண்டும். வங்கிக்கிளையில் வீட்டுப் பத்திரத்தை முதலில் கேட்பது அவர்களுக்கு அதுதான் சுலபம் என்பதால். இந்தத் திட்டத்தின் கீழ் வேண்டும் என்று எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். ஒரு கிளையில் முடியாது என்றால் அடுத்த வங்கி. ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள், அந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான். நீங்கள் கட்டாவிட்டால் கடன் உங்கள் தலையில்தான் இருக்கும்.

ஒரே வாடிக்கையாளர் மொத்த விற்பனையில் கிட்டத்தட்ட பாதியாக ஆவது எனக்கு உறுத்துகிறது. ஒரே பொருளுக்கான மெஷினும் அப்படித்தான். பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையானது. கப் மெஷின் போட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2023 அக்டோபரில் அந்தத் தடை சரிதான் என்று தீர்ப்பு வந்தது. அந்த மெஷினில் கப் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. பேஸ்டிங் மெஷின் வாங்கும்போது இந்த நொறுக்குத்தீனிப் பெட்டியின் அளவுக்கு மட்டும் பொருந்தும் மாடலை வாங்காதீர்கள். மருந்துப் பெட்டி, மசாலாப் பெட்டி, ஊதுபத்திப் பெட்டியும் ஓடவேண்டும். எந்த மாடல் என்பதை சித்தப்பா முடிவு செய்யட்டும். அவரைவிட அதைத் தெரிந்தவர் உங்கள் குடும்பத்தில் இல்லை.

பழைய ஸ்வீட் பாக்ஸ் வேலையை இந்த அவசரத்தில் பின்னுக்குத் தள்ளிவிடாதீர்கள். ஒரு மாதத்தில் பணம் தரும் கடைக்காரர்கள்தான் உங்கள் தொழிலின் உண்மையான பலம். அங்கேயே வளரவும் இடமிருக்கிறது. நொறுக்குத்தீனி பாக்கெட்டுக்குள் இருக்கும், பெட்டி அதைத் தொடாது. ஆனால் அல்வாவும் ஜிலேபியும் பெட்டியைத் தொடும். உணவைத் தொடும் பக்கத்தில் அச்சு இருக்கக்கூடாது, மை ஐஎஸ் 15495 தரத்தில் இருக்கவேண்டும் என்பது 2019 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. உள்பக்கம் சாம்பல் நிறமான டூப்ளக்ஸ் போர்டு பழைய காகிதத்திலிருந்து செய்வது. நெய் ஊறும் இனிப்பை நேராக அதில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளே உணவுத்தரத் தாள் போட்டோ, புதுக் கூழில் செய்த வெள்ளை போர்டிலோ ஒரு ரகம் செய்து பாருங்கள். மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு அரசின் காகித நிறுவனமான டிஎன்பிஎல் ஆலை 2016 முதல் போர்டு தயாரிக்கிறது, உங்களுக்குத் தூரமும் இல்லை. பெட்டிக்கு ஒரு ரூபாய் கூடினாலும் மை, அட்டைக்கான சான்றிதழோடு கொடுத்தால் நல்ல கடைகள் வாங்கும். வீட்டில் வைத்துப் பெட்டி ஒட்டித்தரும் பெண்கள் உங்களுக்கும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். பேஸ்டிங் மெஷின் வந்தபின் அவர்களுக்கு வேலை போகாமல் இருக்க இந்த ஸ்வீட் பாக்ஸ்தான் வழி. பல அளவு, குறைந்த எண்ணிக்கை, விசேஷ வடிவம் எல்லாம் கையில்தான் ஒழுங்காக வரும்.

அந்த நிறுவனத்துக்கு இப்படி எழுதுங்கள்: முதல் ஆறு மாதம் மாதம் 5 லட்சம் பெட்டி, 45 நாள், அட்டை விலையோடு சேர்ந்து மாறும் விலை, அச்சடித்ததை எடுத்துக்கொள்ளும் உறுதி. அளவு பாதியாகும்போது பேஸ்டிங் மெஷின் தவணைக்கே சரியாகிவிடும், ஆறு மாதம் உங்களுக்கு ஒன்றும் நிற்காது. ஆனால் அவர்கள் சொன்ன நாளில் பணம் தருகிறவர்களா என்பது அதற்குள் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு 10 லட்சத்துக்குப் போகலாம். 60 நாள் என்று பிடிவாதமாக நின்றால் ட்ரெட்ஸில் பில்லை ஏற்கச் சொல்லுங்கள், வட்டி அவர்களுடையது. உதயம் பதிவை எடுத்துவிட்டு வாருங்கள் என்றோ, டிரேடர் பெயரில் பில் போடுங்கள் என்றோ சொன்னால் அந்த ஆர்டர் வேண்டாம். அதில் தயங்காதீர்கள்.

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் பத்திரத்தின் வரைவை சித்தப்பாவிடம் கொடுங்கள். நீங்கள் கொடுக்க வேண்டாம், அப்பாவே கொடுக்கட்டும். பங்கு எவ்வளவு என்ற இடத்தைக் காலியாக விட்டு, "நீயே சொல்லு" என்று கேட்கட்டும்.